தாஜ் ஓட்டலின் முதல் மாடியில்

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சுப் பள்ளியில். "ஷெஃப்" என்றால் தலைவன் என்றுதான் வாத்தியார் முதலில் சொல்லிக்கொடுத்தார். ஆபீஸ் தலைமை எழுத்தர்கூட "ஷெஃப் தெ பூரோ"தான். சமையற்காரருக்கும் அதே பெயர் என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எனக்கு வாய்த்த தலைவர்களில் பாதிப் பேருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

போன வாரம் பழவேற்காட்டில் மடவை வாங்க நின்றேன். மீன்காரம்மா கேட்டார்: "ஐயா, பெரிய ஓட்டல்ல மீனைப் பச்சையாவே தின்றாங்களாமே, நெசமா?" நெசம்தான் என்றேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடா கட்டிய தாஜ்மகால் ஓட்டல் 1903 டிசம்பர் 16-ல் திறந்தது. முதலில் தங்க வந்தவர்கள் 17 பேர்தான். மறு வருடமே டாடா காலமானார். முதல் உலக யுத்தத்தில் அது 600 படுக்கை ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய ஓட்டல்களில் சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சாப்பாடு. அதற்கு வழி போட்டவர் எஸ்கோஃபியே. லண்டன் சவாயிலும், பிறகு 1898-ல் திறந்த பாரிஸ் ரிட்ஸிலும் சமையலறையைப் பட்டாளம் மாதிரிப் பிரித்து, மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று நிறுத்தினார். தாஜ் சமையலறையில் பேர் வாங்கியவரோ நம் கோவாக்காரர், மிகெல் மஸ்கரேனஸ்.

2004-ல் அதே பழைய கட்டடத்தின் முதல் மாடியில் "வசாபி பை மோரிமோட்டோ" வந்தது. மசஹாரு மோரிமோட்டோ 1955-ல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். பேஸ்பால் ஆட ஆசைப்பட்டு, தோளில் அடிபட்டதால் மீன் நறுக்கப் போனார். 1985-ல் அமெரிக்கா சென்று, டிவி சமையல் போட்டியில் "அயர்ன் ஷெஃப்" ஆகிப் புகழ் பெற்றார். பம்பாய் வசாபிக்கு மீன் ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்தது. கடலைப் பார்த்த ஓட்டலுக்கு! மீன்காரம்மா வாயில் கை வைத்தார். பச்சையாகத் தின்ன வேண்டுமானால் பிடித்ததுமே தலையில் குத்தி, ரத்தம் வடித்து, ஐஸில் வைக்க வேண்டும். வெயிலில் கொட்டி ஏலம் விடுகிற மீனுக்குப் புளிக்குழம்புதான் சரி. ஜப்பான் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி, 1609-லேயே ஜப்பானில் ஹிராடோவில் கிடங்கு போட்டுவிட்டது.

2008 நவம்பர் 26 இரவு வசாபியில் ஐம்பது பேர் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், 48 வயது மூத்த பரிமாறுபவர் ஒருவர் எல்லோரையும் மேசைக்கடியில் குனியச் சொல்லி, சக ஊழியர்களைச் சுற்றிலும் அரணாக நிறுத்தினார். நாலு மணி நேரம் அப்படியே. பிறகு சுழல் படிக்கட்டு வழியாக முதலில் விருந்தினர், அடுத்து ஊழியர்கள், கடைசியில்தான் தான் என்று பிடிவாதமாக நின்றார். படியின் அடிக்கு வந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சமையற்காரர்களும் பலர் அன்று உயிரிழந்தார்கள். என் வாத்தியார் சொன்ன அர்த்தப்படி பார்த்தால், அந்த ராத்திரியில் அங்கே ஷெஃப் அந்தப் பரிமாறுபவர்தான்.

பழைய கட்டடம் 2010 ஆகஸ்ட் 15-ல் மறுபடி திறந்தது. வசாபியும் திரும்ப வந்தது.

மீன்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மடவையைச் செதில் சீவிப் பையில் போட்டுவிட்டு, "புள்ளைங்க இருந்திருக்கும்ல ஐயா" என்றார்.