மொரீஷியஸும் அதன் புறத்தீவுகளும்

ஒரு தீவு நாட்டின் பூகோளத்தைக் கற்போர், கால அட்டவணையில் பெரிய ஜங்ஷன்களை மட்டும் தேடும் பிரயாணியைப் போல, அதன் பெருந்தீவோடு நின்றுவிடுகின்றனர். படத்தின் ஓரத்தில் புள்ளிகளாய்த் தோன்றும் சிறு தீவுகளைப் பொருட்படுத்துவோர் சிலரே. ஆயினும் அப்புள்ளிகளும் சரித்திரத்தின் போக்கை மாற்ற வல்லன என்பதற்கு மொரீஷியஸ் தக்க சான்றாகும்.

இந்து மகாசமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலையால் உண்டானது மொரீஷியஸ் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். அதற்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தூரத்தில் ரொட்ரீக்ஸ் தீவு உள்ளது. வடகிழக்கே மீனவர் தங்கும் செயின்ட் பிராண்டன் திட்டுகளும், வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தென்னை மலிந்த அகலேகாவும் இருக்கின்றன. இவை யாவற்றினும் தொலைவில், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சாகோஸ் என்னும் பவளத்தீவுக் கூட்டம் கிடக்கின்றது.

1598-இல் வந்த டச்சுக்காரர் தம் இளவரசர் மாரிஸின் பெயரைப் பெருந்தீவுக்குச் சூட்டினர். அவர்கள் 1710-இல் நீங்கியபின், 1715-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைக்கொண்டனர். 1735-இல் கவர்னராகப் பொறுப்பேற்ற லபூர்தொனே, போர்ட் லூயித் துறைமுகத்தை அமைப்பதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வருவித்தார். இன்று அந்நாட்டு ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தும் இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமையளிப்பதாகும்.

பிரெஞ்சு ஆட்சியின் முடிவுக்கு வழிவகுத்தது சிறு தீவாகிய ரொட்ரீக்ஸே. 1809-இல் ஆங்கிலேயர் முதலில் அதனைப் பிடித்தனர். அங்கே கப்பல்களையும் படைகளையும் திரட்டி, 1810 டிசம்பரில் பெருந்தீவைக் கைப்பற்றினர். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலியாட்கள் பெருந்தொகையாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியோரும் அவர்களுள் பலர்.

மொரீஷியஸ் 1968 மார்ச் 12-ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1965-இல், பிரிட்டன் சாகோஸைத் தனியே பிரித்தெடுத்துக்கொண்டது. அத்தீவுகளுள் ஒன்றான டியாகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் எழுந்தது. தலைமுறை தலைமுறையாய்த் தென்னந்தோப்புகளில் உழைத்து வாழ்ந்த மக்கள் 1973-க்குள் முற்றிலும் வெளியேற்றப்பட்டனர். மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்ட அவர்கள் வறுமையில் வாடினர். அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

2019-இல் சர்வதேச நீதிமன்றம், அப்பிரிவினை சட்டப்படி அமையவில்லை எனக் கருத்துரைத்தது. 2025 மே மாதத்தில், சாகோஸின் மீது மொரீஷியஸுக்கே இறையாண்மை என்று கூறும் உடன்படிக்கையில் இரு நாடுகளும் கையொப்பமிட்டன. ரொட்ரீக்ஸோ 2002 முதல் தனக்கெனச் சட்டமன்றம் பெற்றுத் தன் காரியங்களைத் தானே கவனித்து வருகின்றது. புறத்தீவினரின் குரலுக்குச் செவிசாய்க்கும் வழியும் உண்டு என்பதற்கு இஃதோர் உதாரணம்.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் நாம். எனினும் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஊர் சென்று வர நமக்கு வழியுண்டு. மூதாதையரின் கல்லறைகளைக்கூட விரும்பியபோது காண இயலாது போனவர் சாகோஸ் மக்கள். ஆகவே, ஒரு நாட்டின் பூகோளம் நிலத்தின் அளவைச் சொன்னால் மட்டும் போதாது. அந்நிலம் எவருடைய ஊர் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.