சம்பளச் சீட்டில் ஒரு வரி

அமெரிக்க ராணுவம் பெண்களுக்கு நேரடியாகச் சோறு போட்ட காலம் ஒன்று உண்டு. 1802-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கம்பெனிக்கு நான்கு பெண்கள் வரை அனுமதித்து, அவர்களுக்கு நாளுக்கு ஒரு ரேஷன் வழங்கியது. சிப்பாயின் மனைவி என்பதற்காக அல்ல, துணி துவைப்பதற்காக. அந்தச் சலவைப் பெண்களில் பலர் சிப்பாய்களின் மனைவியராகவும் இருந்தார்கள். 1878-இல் அந்த வேலையை ஒழித்தபோது ரேஷனும் போயிற்று.

இரண்டாம் உலகப் போரில் மனைவி மறுபடியும் கணக்குப் புத்தகத்தில் ஏறினாள். 1942 ஜூனில் வந்த சட்டப்படி கடைநிலைச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர். அதில் 22 டாலர் கணவனின் சம்பளத்திலேயே பிடித்தது. அரசு சேர்த்தது 28. இந்தச் சொற்பத் தொகைக்காகப் பல சிப்பாய்களை மணந்து ஏமாற்றும் பெண்களைப் பற்றிய பேச்சு உடனே கிளம்பிவிட்டது. 1945-இல் அதை வைத்து ‘அலாட்மென்ட் வைவ்ஸ்’ என்று ஒரு திரைப்படமே எடுத்தார்கள். ஐம்பது டாலரில் அவள் வாடகையையும் பாலையும் எப்படிச் சமாளித்தாள் என்பதில் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. விரும்பிச் சேர்ந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அதே ஆண்டு, விமானப்படை அதிகாரி ஷாரன் ஃப்ரான்டியரோ தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண் வீரரின் மனைவி தானாகவே ‘சார்ந்திருப்பவர்’ ஆகிவிடுவாள். பெண் வீரரோ தன் கணவன் தன்னை நம்பித்தான் வாழ்கிறான் என்று நிரூபித்தால்தான் அவனுக்குச் சலுகை. இந்தப் பாகுபாடு செல்லாது என்றது நீதிமன்றம். ‘சார்ந்திருப்பவர்’ என்ற சொல் மட்டும் அப்படியே நிலைத்தது.

சீருடை அணிந்தவர்கள் ஃபுட் ஸ்டாம்ப் வாங்குவது அரசுக்குத் தலைக்குனிவாக இருந்தது. அதற்கு மாற்றாக 2001-இல் தனிப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விண்ணப்பம் மேலதிகாரியின் கண்ணில் படும். வீட்டில் அரிசி பருப்பு இல்லை என்று யார் போய்ச் சொல்வார்கள்? மிகச் சிலரே கேட்டார்கள். 2016-இல் உள்நாட்டில் அது முடிவுக்கு வந்தது.

ஆனால் பெரிய அடி விழுந்தது வேறொரு பக்கம். ராணுவக் குடியிருப்பில் அரசு வீட்டில் இருந்தவரை, அந்த வீட்டின் மதிப்பு உணவு உதவிக்கான வருமானக் கணக்கில் சேரவில்லை. 1996-க்குப் பிறகு அந்த வீடுகள் தனியார் நிறுவனங்களின் கைக்கு மாறின. அதன்பின் வாடகைப்படி சம்பளச் சீட்டில் ஒரு வரியாக ஏறி, வாடகையாக நிறுவனத்துக்குப் போனது. அதே வீடு, அதே அடுப்பு. கையில் ஒரு காசு கூடவில்லை. காகிதத்தில் மட்டும் வருமானம் உயர்ந்தது, குடும்பம் உதவிக்குத் தகுதியற்றதானது. இன்னொரு வேடிக்கை: வருமான வரித் துறை இந்தப் படிக்கு வரி போடுவதில்லை. வேளாண் துறை நடத்தும் உணவு உதவித் திட்டம்தான் அதை வருமானம் என்கிறது.

மனைவி வேலைக்குப் போகலாமே என்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை இடமாற்ற உத்தரவு வரும். ஆசிரியையோ செவிலியோ 2023 வரை பல மாநிலங்களில் புதிதாக உரிமத்துக்கு அலைய வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேட வேண்டும். வீரர்களின் வாழ்க்கைத் துணைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். 2021 கணக்கெடுப்பில் வேலை தேடியும் கிடைக்காத துணைகள் 21 சதவீதம். ராணுவத்துக்கு வேண்டிய இந்த ஊர்சுற்றலின் செலவை அவள் சம்பளம் ஈடுகட்டுகிறது. அந்தச் செலவு எந்தப் பாதுகாப்பு பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை.

2020-இல் பாதுகாப்புத் துறை தானே எடுத்த கணக்கெடுப்பில், பணியில் இருப்போரில் 24 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் உணவுப் பற்றாக்குறையைச் சந்தித்திருந்தார்கள். உணவுக் கவலை உள்ள வீரர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும், பணியை விட்டு விலகும் எண்ணமும் கூடுதல் என்று ஆய்வுகள் கண்டன. கடைசிக் காரணம்தான் அதிகாரிகளை அசைத்திருக்க வேண்டும். படை குறைந்தால்தானே பசி பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறது!

2023 ஜனவரியில் ‘அடிப்படைத் தேவைப்படி’ ஒன்று வந்தது. அதிலும் வாடகைப்படியை வருமானமாகவே வைத்தார்கள். செலவு மிகுந்த ஊர்களில் மட்டும் விலக்கலாம் என்றார்கள். 2025-இல் கீழ்நிலை வீரர்களின் அடிப்படைச் சம்பளம் மொத்தம் 14.5 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வு கைக்கு வந்த ஏப்ரல் மாதத்திலும், உணவு உதவித் திட்டத்தின் கணக்கில் வாடகைப்படி வருமானமாகவே இருந்தது.