மலைநாட்டுப் பாதைகளும் காட்சிமேடைகளும்

கண்டி மாநகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சாரலிலே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உளது. 1925ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற அக்கட்டடம் 2001ஆம் ஆண்டு தொடக்கம் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அதன் அயலிலிருந்து தொடங்கும் நெடும்பாதையொன்று லூல்கந்துர, ஹப்புத்தளை, எல்ல முதலிய இடங்களை ஊடறுத்துச் சென்று நுவரெலியாவை அடைகின்றது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்ட இப்பாதையின் நீளம் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டதாகும். தேயிலைத் தரமொன்றின் பெயரால் இதனைப் 'பெக்கோ பாதை' என வழங்குவர். நடப்போரும், உடற்பயிற்சியின் பொருட்டு ஓடுவோரும், துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும் பல தேசங்களிலிருந்து வந்து இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இப்பாதையின் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. தோட்டத்துப் பாதைகளும் கிராமத்து ஒற்றையடிப் பாதைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டே இது உருவாயிற்று. எனவே, இன்று இன்பத்தின் பொருட்டு மிதிக்கப்படும் இம்மண்ணில் முன்னர் நடந்தோர் யாவர், நடக்க வேண்டாமெனத் தடுக்கப்பட்டோர் யாவர் என்னும் வினா எழுகின்றது. மலைநாட்டுப் பாதைகளின் வரலாறு யாதெனில், அது பெரும்பாலும் அனுமதியின் வரலாறே எனலாம்.

எல்லோர்க்கும் திறந்திருந்த மலைப்பாதை ஒன்றுண்டு. அது சிவனொளிபாத மலைக்குச் செல்லும் வழியாகும். 7,359 அடி உயரமான அம்மலையின் அடிச்சுவட்டைச் சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் தத்தம் மரபுக்கேற்ப உரிமை பாராட்டினர். முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர் படும் இன்னல் கண்டு, வழியிலே அவர்க்கு அன்னமளித்தற்பொருட்டுக் கிலிமலை முதலிய கிராமங்களை மானியமாக விட்டான் எனச் சூளவம்சம் கூறும். அம்பகமுவையிலுள்ள அம்மன்னனின் கல்வெட்டும் இதற்குச் சான்றாகும். 1344ஆம் ஆண்டிலே இம்மலை ஏறிய இபுனு பதூதா, மேலே செல்வதற்கு இரு வழிகள் இருந்தனவென்றும், செங்குத்தான பாறைகளில் இரும்புச் சங்கிலிகள் பிணிக்கப்பட்டிருந்தன என்றும் எழுதிவைத்தார். உச்சியிலே நின்று கதிரவன் எழுவதையும், மேற்கே முக்கோண வடிவாய் மலையின் நிழல் வீழ்வதையும் காண்பது இன்றும் யாத்திரையின் ஓரங்கமாகும். காட்சிக்கெனவே மலையேறும் வழக்கத்தை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தனர் எனக் கூறுவோர் இதனை நோக்குவாராக.

ஏனைய வழிகளின் நிலை வேறு. கண்டி மன்னர் பாதை அமைப்பதை விரும்பினாரல்லர். காடும் மலையும் ஆறுமே தம் இராச்சியத்தின் கோட்டை மதில் என்பது அவர்தம் கொள்கை. ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒடுங்கிய வழிகளையும், முட்கதவம் இட்ட கடவைகளையும், அங்கே நின்ற காவலரையும் றொபேட் நொக்ஸ் விரிவாக வருணித்துள்ளார். இக்கொள்கை வீண்போகவில்லை. 1630இலும் 1638இலும் போர்த்துக்கேயப் படைகள் மலைநாட்டிற் புகுந்து அழிந்தன. 1803இல் ஆங்கிலேயர் கண்டியிலே நிறுத்திய படையும் அவ்வாறே அழிந்தது.

நொக்ஸ் தப்பிய வரலாறு பாதையைப் பற்றியதாகவே அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. 1660இற் சிறைப்பட்ட அவர் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். சில்லறைப் பொருள் விற்கும் வணிகராக ஊர் ஊராய்த் திரிந்தமையால் வழிகளை அறிந்தார். காவலரின் ஐயத்தையும் தவிர்த்தார். 1679இல் அநுராதபுரம் வரை சென்று, ஆங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையைப் பின்பற்றி, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். தமிழர் அருவியாறு என அழைப்பது அவ்வாற்றையே. நொக்ஸ் கடலை நோக்கித் தப்பியோடிய அதே வறண்ட நிலத்தினூடாக, ஒன்றரை நூற்றாண்டின் பின் பெருந்திரளான தமிழ் மக்கள் எதிர்த்திசையில், மலையை நோக்கி நடக்கலாயினர்.

1815இற் கண்டி வீழ்ந்தது. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி ஆங்கிலேயருக்கு ஒன்றை உணர்த்திற்று: வீதியின்றி மலைநாட்டை ஆளுதல் இயலாது. எட்வேட் பாண்ஸ் என்பார் காலத்திற் கொழும்பு-கண்டி வீதி அமைந்தது. பாறையைக் குடைந்தும், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தினாற் குடிகளை வருத்தியும் அதனை முடித்தனர். வீதியை வகுத்த படை அதிகாரி டோசன் 1829இல் மறைந்தார். கடுகண்ணாவையில் அவர் நினைவாகத் தூபியொன்று எழுந்தது. மண் சுமந்தவர்க்கு அத்தகைய நினைவு எதுவுமில்லை. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவ்வீதியிற் குதிரை அஞ்சல்வண்டியும் ஓடத் தொடங்கிற்று.

பின்னர்க் கோப்பிக் காலம் வந்தது. தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியேறிய மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் கால்நடையாக வந்தனர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் முதலிய சீமைகளின் குடியானவர் அவர். நீரில்லாக் காடு, மலைசுரம், வாந்திபேதி, வயிற்றுளைவு ஆகிய நோய்கள், காட்டு விலங்கு. நோயுற்றவரை வழியிலே விட்டுச் செல்வதும் நிகழ்ந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் அதே வழியாற் கைப்பணத்துடன் ஊர் திரும்பினர். ஆகவே அவர்க்கு இது ஒருமுறை கடந்து மறக்கும் பாலையன்று. ஆண்டுதோறும் உயிரைப் பணயம் வைக்கும் வழியாயிற்று. வழிநடையின் இறுதியில் மாத்தளையில் அவர்கள் இளைப்பாறி வழிபட்ட இடமே இன்றைய முத்துமாரியம்மன் கோயில் என்பது வழிவழி வந்த செய்தி.

மலையினுள் வந்தபின்னர் அவர்கள் முதலிற் செய்த வேலைகளுள் ஒன்று பாதை வெட்டுதலாகும். மலைமுகடுகளில் யானைகள் ஏற்றம் குறைந்த வழியைத் தெரிந்து சென்றிருந்தன. அவற்றின் தடங்கள் பல இடங்களில் மனிதருக்கு வழிகாட்டின. தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகர் வழிகள் சிலவும் முன்பே இருந்தன. தவலந்தென்ன என்னும் ஊர்ப்பெயர் பொதிமாடுகள் தங்கிய சமநிலத்தைக் குறிப்பது. இவற்றுக்குமேல் தோட்டப் பாதைகள் புதிதாக வகுக்கப்பட்டன. தலைச்சுமையோடு ஏறுவோர் களைத்து வீழாமலும், மழைநீர் விரைந்தோடி மண்ணை அரிக்காமலும் இருத்தற்பொருட்டு, மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே சீரான சரிவில் அவை செல்லும். இன்று ஓடுவோர், மூச்சுத் திணறாது நெடுந்தூரம் செல்லத்தக்க பாதையென வியந்து போற்றும் தன்மை சுமைகாரரின் கழுத்துக்காக வகுக்கப்பட்ட சரிவேயாம். அவ்வளைவுகளை ஊடறுத்துச் செங்குத்தாக ஏறும் 'குறுக்கு' என்பதோ எந்தத் துரையும் அளந்து வகுத்ததன்று. விடியற்காலையிற் பெரட்டுக்களத்துக்கு நேரத்துக்குச் சேரவேண்டிய பெண்களின் பாதங்களே அதனை ஆக்கின.

ஓட்டம் என்பதும் மலைக்குப் புதிதன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரன் ஒருவன் இருந்தான். நாள்தோறும் மலையிறங்கித் தபாற்கந்தோர் சென்று, துரையின் கடிதங்களையும் புதினத்தாள்களையும் சுமந்து மீள்வதே அவன் தொழில். மழை, பனி, அட்டைக்கடி யாதாயினும் அவன் நேரம் தவறலாகாது. மலைநாட்டின் வளைவுகளையும் கணவாய்களையும் அவனளவுக்கு அறிந்தவர் அக்காலத்தில் ஒருவருமிலர் என்பது என் துணிபு. ஆயினும் தோட்ட வரலாறு எழுதியோர் அவனைப் பெயர் சுட்டி எழுதினாரல்லர்.

பெயர்களைக் காட்சிமேடைகளிலே காணலாம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தின் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் அமர்ந்த கல்லிருக்கை ரெயிலர் இருக்கை எனப்படும். கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் காணப்பட்டது. அதன் பின்னரே அவரது முயற்சியின் பெருமை தெரிந்தது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தம்பேதன்னத் தொழிற்சாலைக்கு மேலே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரத்திலுள்ள உச்சியில் அமர்ந்து தம் உடைமையை நோக்கினார். அது லிப்டன் இருக்கை ஆயிற்று. 1834இல் ஆங்கிலப் படை அதிகாரிகள் 'கண்டுபிடித்த' மேட்டுநிலம் தேசாதிபதி வில்மட்-ஹோட்டன் பெயரால் ஹோட்டன் சமவெளி ஆயிற்று. சிங்கள மக்கள் அதனை முன்னரே மகா எலிய என அறிந்திருந்தனர். நிலம் திடீரென ஏறக்குறைய 880 மீற்றர் கீழிறங்கும் அதன் விளிம்பு உலக முடிவு எனப்படும். கீழே வயலும் ஊரும் தெளிவாய்த் தெரிய, அதனை உலகத்தின் முடிவென்று சொல்லுதல் மேலே நின்று பார்த்தவரின் மொழியேயன்றிப் பிறிதன்று.

ஊவாவிற் பல வீதிகளை அமைத்த மேஜர் றொஜேர்ஸ் என்பவரையும் இங்கே நினைத்தல் தகும். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென அறியப்பட்ட அவர், 1845இல் ஹப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறையையும் மின்னல் தாக்கிற்றென்பர். யானைகளின் பழியென ஊரார் கூறும் கதைக்குள் நாம் புகவேண்டியதில்லை.

இருக்கைகளிலிருந்து நோக்கியோர்க்கு மலை திறந்திருந்தது. வேலை செய்தோர்க்கு அவ்வாறன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கடன் தீர்ந்ததெனக் காட்டும் 'துண்டு' இன்றி ஒருவன் வேறு தோட்டத்தில் வேலை பெறல் அரிது. அத்துண்டுமுறை 1921இலேயே ஒழிந்தது. தோட்டப் பாதைகள் தனியார் உடைமையாதலின் வெளியார் உட்புகுதல் அத்துமீறலாயிற்று. கண்டி மன்னரின் முட்கதவத்துக்கும் இதற்கும் வேறுபாடு யாது? மன்னர் பகைவரைத் தடுத்தனர். தோட்ட முதலாளிமார் தம் தொழிலாளரைச் சந்திக்க வந்தோரைத் தடுத்தனர்.

இத்தடையைக் கடந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த அவர், தோட்ட மக்களின் நிலையை நேரிற் காண விரும்பிப் புடவை வியாபாரி வேடத்திலே லயங்களுக்குட் புகுந்தார். பொதி சுமந்து திரியும் வணிகனை எக்காவலும் ஐயுறுவதில்லை என்பதை நொக்ஸ் அறிந்திருந்தார், நடேசய்யரும் அறிந்திருந்தார். ஒருவர் தாம் தப்பி வெளியேறுதற்கு அவ்வுபாயத்தைக் கையாண்டார். மற்றவர் சிறைப்பட்டோரைக் காணும்பொருட்டு உட்புகக் கையாண்டார். 1931இல் ஹற்றனில் அவர் அமைத்த தொழிற்சங்கம் இந்நடையின் விளைவுகளுள் ஒன்று.

வடக்குப் பாதை 19ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் வழக்கொழிந்தது. புகையிரதம் 1867இற் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இற் பதுளையையும் அடைந்தது. 1914இல் தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கிற்று. அவ்வழி நடந்தோரின் பேரப்பிள்ளைகள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் உறவினர் கதறி நிற்க, முன்னோர் நடந்து வந்த மதவாச்சி-மன்னார் வழியே அவர்கள் வண்டியேறித் தலைமன்னார் சென்றனர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

பெக்கோ பாதை அண்மையில், 2023ஆம் ஆண்டளவிலே, பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. இதனால் வழியோரத்துக் குடும்பங்கள் சில உணவும் உறைவிடமும் அளித்து ஊதியம் பெறுமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஆயின் ஒன்று வேண்டற்பாலது. தோட்ட மக்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும், மலைக்கும், வளைவுக்கும் தமிழிலே பெயரிட்டு வழங்கினர். அப்பெயர்கள் முதியோர் நாவிலே மட்டும் எஞ்சியுள்ளன. சின்னத்துரைமார் வேலை வாங்குதற்பொருட்டு 'இங்கே வா' என்ற பெயரிலேயே தமிழ்க் கைந்நூல் அச்சிட்ட 19ஆம் நூற்றாண்டில், இடங்களைச் சுட்டிய தமிழ்ப் பெயர்களைத் திரட்டுவார் அரியராயினர். மலைநாட்டிற் பிறந்து கல்லூரிகளிற் பயிலும் மாணவர் விடுமுறைக் காலத்திற் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டெழுதக்கூடிய பணி இது. லிப்டன் இருக்கைக்குச் செல்லும் பாதையின் வளைவுகளிலிருந்தே தொடங்கலாம்.

அதே 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டாக நினைவுகூரப்பட்டது. யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட கூட்டமொன்று முன்னோர் நடந்த வழியே 16 நாள்கள் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. அந்நடை முடிந்த மாத்தளைக்கும் பெக்கோ பாதை தொடங்கும் ஹந்தானைக்கும் இடையே ஏறத்தாழ இருபது மைல் தூரம் உளது. இவ்விரு பாதைகளையும் ஒன்றாய்க் காட்டும் படத்தை இன்னும் எவரும் வரையவில்லை.