திறந்த பொருளாதாரம் (இலங்கை)

இறக்குமதித் தடைகளை நீக்கி, அந்நிய மூலதனத்தை வரவேற்று, விலைகளைச் சந்தையின் போக்கிற்கே விட்டுவிடும் இக்கொள்கை, 1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றிய ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஆட்சியில் இலங்கையில் பிரவேசித்தது. சிகாகோ சர்வகலாசாலையில் பயின்றோரின் சித்தாந்தத்தைச் சிலியில் ராணுவம் அமல்படுத்தியது போலன்றி, இங்கு அது வாக்குச்சீட்டின் வழியே வந்தது. ஆயினும், 1978இன் அரசியலமைப்பு நிகரற்ற அதிகாரம் பொருந்திய ஜனாதிபதி பதவியைப் படைத்ததையும், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட சுமார் 40,000 ஊழியர் வேலையிழந்ததையும், 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பெற்றதையும் நோக்குமிடத்து, வர்த்தகருக்கு அளித்த சுதந்திரத்தைப் பிரஜைகளுக்கு அளிக்க அவ்வரசுக்கு மனமில்லை என்றே கூற வேண்டும்.

கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன; முந்தைய தடைகளின் நிழலில் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் பயிரிட்டுச் செழித்திருந்த யாழ்ப்பாணக் கமக்காரரோ, கப்பலில் வந்திறங்கிய மலிவுச் சரக்கோடு போட்டியிட இயலாது நலிந்தனர்.