ஓனர்-டிரைவர்

சொந்தமாக லாரி வாங்கி, சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் தானே ஓட்டிப் பிழைப்பவர். இந்தியாவின் சரக்கு லாரிகளில் பெரும்பகுதி, ஒன்றிரண்டு வண்டிகள் மட்டுமே வைத்திருக்கும் சிறிய உரிமையாளர்களுடையது. அவர்களில் பலர் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு ஆர்.சி. புத்தகத்தில் தம் பெயரைப் பார்த்தவர்கள்.

டிரைவர் ஓனராக மாறும் வழியைத் திறந்ததில் சென்னையின் பைனான்ஸ் நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. சுந்தரம் பைனான்ஸ் 1954இல் தொடங்கியது. 1979இல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ், வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தது. ஈடு காட்ட நிலமோ வீடோ இல்லாத டிரைவரையும், தொழிலில் அவருக்கு இருந்த பேரை நம்பி அது ஏற்றது. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் பல ஆயிரம் குடும்பங்கள் சம்பளத்திலும் பேட்டாவிலுமே நின்றிருக்கும். அதே ஏற்பாடுதான் மாதம் தவறாமல் கடன் தவணை (டியூ) கட்டும் கடமையையும் கொண்டுவந்தது.

சொந்த வண்டி வாங்கும் முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஆந்திராவின் பாகாலா வட்டாரம் பொருத்தமான உதாரணம். திருப்பதி–காட்பாடி ரயில் பாதையிலிருந்து தர்மாவரம் பாதை பிரியும் சந்திப்பு இது. பக்கத்துத் தாமலசெருவு மாங்காய்ச் சந்தைக்குப் பேர்போனது. சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் பல உள்ளன. மே கடைசி தொடங்கி ஜூலை வரை தோதாபுரி சீசனில் வண்டிக்கு ஓய்வே இராது. சொந்த வண்டி ஆசை பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வேர்விடுகிறது. ஆனால் விளைச்சல் மிகும் ஆண்டில் ஆலை வாசலில் காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். இறக்காத வண்டி அடுத்த நடைக்குப் போக முடியாது. காத்திருப்புக்கான ஹால்டிங் காசு பேசியபடி வருவதும் அரிது. சீசன் முடிந்ததும் மதனப்பள்ளித் தக்காளி, வெல்லம், நிலக்கடலை, குப்பம் கிரானைட் என்று லோடு தேடி அலைய வேண்டும். அங்கே நாமக்கல், சங்ககிரி வண்டிகளும் போட்டிக்கு நிற்கும். அந்த வண்டிக்காரர்களுக்கு ஊருக்கு ஊர் தெரிந்த புக்கிங் ஆபீஸ் உண்டு. ரிட்டர்ன் லோடு கிடைத்துவிடும். தனி ஆளுக்கு அந்தத் தொடர்பு வளர ஆண்டுகள் பிடிக்கும். காலி வண்டியாகத் திரும்பும் ஒரு நடை, போன நடையின் லாபத்தைத் தின்றுவிடும்.

ஆகவே முதலில் எண்ண வேண்டியது வண்டி ஓடும் நாட்களை அல்ல, நிற்கும் நாட்களை. கணக்கு பெரும்பாலும் பிசகுவது ஓட்டுபவரின் கூலியில். வாடகையில் டீசல், சுங்கம், கமிஷன், ஏற்றுகூலி போக மிஞ்சுவதை அப்படியே வருமானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறொருவர் வண்டியை ஓட்டினால் கிடைக்கும் சம்பளத்தையும் பேட்டாவையும் அதிலிருந்து முதலில் கழிக்க வேண்டும். அதன் பிறகு டியூ, இன்சூரன்ஸ், தகுதிச் சான்று (எஃப்.சி.), டயர் இவற்றுக்குத் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். தேறாத வண்டியை வாங்குபவர், தன் உழைப்பைத் தானே கடனுக்குக் கொடுக்கிறார் என்றே சொல்ல வேண்டும். டீசல் விலை 2017 ஜூன் முதல் நாள்தோறும் மாறக்கூடியது. வாடகையோ ஏற்றும்போதே பேசி முடிந்துவிடும். அட்வான்ஸ் கையில் வரும், பேலன்ஸ் இறக்கிய ரசீது திரும்பிய பிறகுதான். அந்த இடைவெளியைத் தாங்கக் கையிருப்பு வேண்டும்.

பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 12 ஆண்டுகளைத் தாண்டிய சாதாரண லாரிக்கும், 15 ஆண்டுகளைத் தாண்டிய மல்டி ஆக்சில் வண்டிக்கும் நேஷனல் பெர்மிட் கிடையாது. மூன்று மாநில எல்லைகள் கூடும் சித்தூர்ப் பகுதியில், வேலூருக்கோ பெங்களூருக்கோ போகாமல் லாரித் தொழில் நடத்துவது கடினம். பெர்மிட்டுக்கான ஆண்டுக் கட்டணம் 16,500 ரூபாய். 20 முதல் 40 டன் வரையிலான வண்டிகளுக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் 43,950 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

வருமான வரியில் 10 வண்டி வரை வைத்திருப்போருக்குத் தனிப் பிரிவு உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியானால், மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படும். 28 டன் டாரஸ் லாரி என்றால் மாதம் 28,000. கணக்குப் புத்தகத் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வண்டி வைத்திருந்த மாதமே இங்கே கணக்கு. அது ஷெட்டில் நின்ற மாதமும் சேரும்.

வேலை நேரம் பற்றியும் கவலைப்பட வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது; அது 5 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த நிறுவனங்களுக்கானதாக இருந்தது. ஓனர்-டிரைவரைத் தூங்கு என்று சொல்ல முதலாளி இல்லை, டியூ தேதி மட்டும் இருக்கிறது. சொந்த வண்டிக்காரர் இரண்டாவது இரவும் ஸ்டியரிங் பிடிப்பது வீரமல்ல. அவருக்கும் எதிரே வருபவருக்கும் அது ஆபத்து.

டியூ தவறினால் சீசிங். கடன் கொடுத்தவர் அடியாட்களை அனுப்பி வண்டியைப் பறிக்கக் கூடாது என்று, லாரிக் கடன் தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்தது. நடுவழியில் சாவியைப் பிடுங்க வருபவரிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லவாவது டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியின் இன்சூரன்ஸுடன் உரிமையாளரான ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு 2018 முதல் உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அது பொருந்தும். சரக்கு வண்டி லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நடையிலேயே இருப்பவருக்கு அந்தத் தேதி எளிதில் தப்பிவிடும். தப்பிய பிறகு விபத்து நேர்ந்தால் வீட்டார் அந்தத் தொகையைக் கேட்டுப் பெற வழியில்லை.