சாதனம் என்றொரு சொல்

திருப்பூணித்துறைக்குக் குடிவந்த புதிதில் மளிகைக் கடையில் நான் கற்றுக்கொண்ட முதல் மலையாளச் சொல் 'சாதனம்'. நமக்குச் சாதனம் என்றால் மின்சாதனம், தகவல் தொடர்புச் சாதனம். இங்கே அரிசி, பருப்பு, துடைப்பம் எல்லாமே சாதனம்தான். பொருள், சாமான் என்று அர்த்தம்.

மலையாளப் பேப்பரில் கோர்ட் செய்தி படித்தால் இன்னும் வேடிக்கை. 'பிரதி'யைப் போலீஸ் பிடித்தது என்று இருக்கும். நமக்கு ஜெராக்ஸ் பிரதிதான் ஞாபகம் வரும். இங்கே பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். வாக்குமூலம் கொடுப்பது 'மொழி' கொடுப்பது. சிவில் வழக்கில் தாக்கல் செய்யும் மனுவுக்குப் பெயர் 'அன்யாயம்'. தீர்ப்பு, 'விதி'. "தலைவிதியும் கோர்ட் விதியும் ஒண்ணுதானேங்க" என்றார் தங்கமணி. :-)

போன மாதம் ஊரிலிருந்து அத்தை, மாமா வந்திருந்தார்கள். வழக்கம்போல ஹில் பேலஸுக்கு அழைத்துப் போனேன். 1865ல் கட்டிய கொச்சி மன்னர்களின் அரண்மனை, இப்போது மியூசியம். 'மணிச்சித்திரத்தாழ்' படம் எடுத்த இடம் என்றால் எல்லோருக்கும் புரியும். எனக்கு அங்கே போனால் நாகவல்லி ஞாபகம் வருவதில்லை. தாத்ரி ஞாபகம்தான் வரும்.

1905ல் குறியேடத்து தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்ணை விசாரித்த வழக்கின் பிற்பகுதி நடந்தது இந்த அரண்மனையில்தான். வழக்கின் பெயர் ஸ்மார்த்த விசாரம். நமக்கு விசாரம் என்றால் கவலை. அவர்களுக்கு அது விசாரணை. ஒரு நம்பூதிரிப் பெண்ணின் நடத்தையில் சந்தேகம் வந்தால் 'அடுக்களை தோஷம்' என்பார்கள். (எங்கள் நெல்லைப் பக்கம் இன்னும் சமையலறையை அடுக்களை என்றுதான் சொல்கிறோம்.) முதலில் 'தாசி விசாரம்', அதாவது வேலைக்காரியை விசாரிப்பது. அதில் சந்தேகம் வலுத்தால் அந்தப் பெண்ணை 'அஞ்சாம்புரை' என்ற தனியிடத்தில் அடைப்பார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் கிடையாது. 'சாதனம்' என்றுதான் சொல்வார்கள்.

மன்னர் அனுமதி கொடுத்த பிறகு ஸ்மார்த்தன் என்ற நீதிபதி வருவார். சாஸ்திரம் தெரிந்த மீமாம்சகர்கள் துணைக்கு இருப்பார்கள். அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை நேருக்கு நேர் பேச்சில்லை. கதவுக்கு வெளியே ஸ்மார்த்தன், உள்ளே அவள், நடுவில் பதில் வாங்கிச் சொல்லும் வேலைக்காரி. கடைசியில் நடந்ததையெல்லாம் சபையில் எடுத்துரைப்பது 'ஸ்வரூபம் சொல்லல்'. பிறகு 'பிரஷ்டு'. நம் சாதிப் பிரஷ்டத்தில் உள்ள அதே சொல். அவள் கையிலிருக்கும் மறைக்குடையைப் பிடுங்கி, கைதட்டி வெளியே அனுப்பிவிட்டு, உயிரோடு இருப்பவளுக்கு வீட்டார் பிண்டம் வைப்பார்கள்.

பழைய காலத்தில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி ஆண்கள் தங்களை நிரூபிக்க எங்கே போனார்கள் தெரியுமா? நம்ம சுசீந்திரத்துக்கு! கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். பெயரே 'கைமுக்கு'. நாம் காப்பியில் ரொட்டியை முக்குகிறோமே, அதே முக்குதான். சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829-1846) அது ஒழிந்தது.

தாத்ரி செய்தது, யாரும் எதிர்பார்க்காதது. தன்னோடு உறவு வைத்தவர்கள் என்று 60க்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நம்பூதிரிகள், நாயர்கள், அம்பலவாசிகள், நம்மூரிலிருந்து போய்க் குடியேறிய பட்டர்கள் என்று எல்லாத் தரப்பும் உண்டு. புகழ்பெற்ற கதகளிக் கலைஞர் காவுங்கல் சங்கரப் பணிக்கரும் ஒருவர். வழக்கத்துக்கு மாறாக, அந்த ஆண்கள் தாத்ரியைக் குறுக்கு விசாரணை செய்ய மன்னர் இடம் கொடுத்தார். அவர் அடையாளங்களோடு பதில் சொன்னார். 1905 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தாத்ரியோடு அந்த ஆண்களுக்கும் பிரஷ்டு.

கேள்விகளைத் தாங்கிக்கொள்ள மட்டும் வைத்திருந்த ஒரு 'சாதனம்', வாய் திறந்து பதில் சொல்லியது. அந்த அதிர்வு அடங்கவில்லை. 1929ல் வி.டி. பட்டதிரிப்பாடு நம்பூதிரிப் பெண்களின் நிலையை நாடகமாக எழுதி மேடையேற்றினார். தலைப்பு, 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு'. தோஷம் ஒட்டிக்கொண்டிருந்த சொல்லையே எடுத்துத் தலைப்பில் வைத்தார் மனுஷர்.

இதையெல்லாம் அரண்மனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒத்துக்கிட்ட பெறகாவது அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்களா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. அவர் பெயர் சாவித்திரி என்று மட்டும் சொன்னேன். தாத்ரி அதன் மலையாள வடிவம்.

வீடு திரும்பும் வழியில் மகள் கடை வாசலில் நின்று, "அப்பா, சாதனம் வாங்கணுமா?" என்றாள். "சாமான்னு சொல்லும்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் இன்னும் கொஞ்சம் வளரட்டும், சொல்கிறேன்.

நீங்கள் குடியேறிய ஊரிலும் இப்படிக் கனமான ஒரு சொல், கடைத்தெருவில் சாதாரணமாகத் திரிந்துகொண்டிருக்கும். பார்த்தால் சொல்லுங்கள்.