நீச்சல் குளப் பம்பும் ஃபில்டரும்: அளவைத் தீர்மானித்தல்

குளத்து நீரை உறிஞ்சி, மணல் படுகை வழியே தள்ளித் தெளியவைத்து, மீண்டும் குளத்துக்கே அனுப்பும் சுற்றோட்டத்தின் இரு உறுப்புகள் பம்பும் ஃபில்டரும். குளத்தின் கொள்ளளவைக் கொண்டு மணிக்கு எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற ஃபில்டரைத் தேர்ந்து, பம்பைக் கடைசியில் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் பம்புதான் முதலில் வந்து இறங்குகிறது.

கோவை வட்டாரத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்ததும், மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறத் தொடங்கியது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கியதே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனக் கருதப்படுகிறது. பின்னர் பீளமேடு, கணபதி பக்கங்களில் ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பெருகி, நாட்டின் பம்பு உற்பத்தியில் பெரும்பங்கு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பம்பு என்றாலே "எத்தனை எச்பி?" என்று கேட்பது இங்கே ஊறிப்போன பழக்கம். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் அந்தக் கேள்வி சரிதான். நீர்மட்டம் ஆயிரம் அடிக்குக் கீழே போனால் எச்பி கூடித்தான் ஆக வேண்டும். சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி நீச்சல் பழகிய கிணறுகள் வற்றியபின், தோட்டத்து வீட்டில் குளம் கட்டுகிறவர்களும் அதே கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள்.

கிணற்றில் மோட்டார் நீரை மேலே தூக்குகிறது. குளத்தில் எடுத்த நீர் அதே குளத்துக்குத் திரும்புவதால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பைப், பெண்டு, வால்வு, மணல் ஆகியவற்றின் உராய்வை வெல்வது மட்டுமே பம்பின் வேலை. வீட்டுக் குளங்களில் அந்த உராய்வு, நீரேற்று உயரமாகக் கணக்கிடும் 'ஹெட்' அளவில், பெரும்பாலும் 8 முதல் 12 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 70 கன மீட்டர், அதாவது 70,000 லிட்டர். வீட்டுக் குளத்தின் நீர் முழுவதும் 6 முதல் 8 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டரைக் கடக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. 6 மணி நேரம் என வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 12 கன மீட்டர் நீர் ஓட வேண்டும்.

மணல் ஃபில்டரில் நீர் இறங்கும் வேகம் முக்கியமானது. மணிக்கு 30 மீட்டர் வேகம் என்றால் நன்றாகத் தெளியும்; 50 மீட்டரை நெருங்கினால் நுண்ணிய அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு மறுபடி குளத்துக்கே வந்துவிடும். 12-ஐ 30-ஆல் வகுத்தால் 0.4 சதுர மீட்டர் மணல் பரப்பு தேவை. 28 அங்குல விட்டமுள்ள ஃபில்டர் அதற்குக் கச்சிதம். விலையைப் பார்த்து 24 அங்குலம் வாங்கினால் வேகம் 41 மீட்டராகிவிடும். ஃபில்டர் பெரிதாக இருந்தால் நல்லது என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீரைத் திருப்பி ஓட்டி மணலைக் கழுவும் பேக்வாஷின்போது கீழிருந்து வரும் நீர் மணலைத் தூக்கிக் கலக்கினால்தான் அழுக்கு வெளியேறும். பம்பு தரும் நீர் ஃபில்டரின் பரப்புக்குப் போதாவிட்டால் மணல் அசையாது. அழுக்கு அப்படியே உறைந்துகிடக்கும்.

இதே குளத்துக்கு 10 மீட்டர் ஹெட், 50 சதவீதத் திறன் என்று வைத்தால் பம்புக்கு வேண்டியது சுமார் 0.65 கிலோவாட், 1 எச்பி போதும். இதற்கு 3 எச்பி மாட்டினால் மின்கட்டணமும் ஏறும், மணல் குளத்துக்குள் வந்து கொட்டவும் கூடும். பைப்பில் மிச்சம் பிடிப்பது இன்னொரு வழக்கமான தவறு. உறிஞ்சும் பக்கத்தில் நீரின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டருக்குள் இருப்பது நல்லது. இந்தக் குளத்துக்கு 63 மி.மீ. பி.வி.சி. பைப் அதற்குள் அடங்கும், 50 மி.மீ. பைப் தாண்டிவிடும்.

தோட்டத்தில் சும்மா கிடக்கும் மோனோபிளாக் பம்பைக் குளத்துக்கு மாட்டுவதும் உண்டு. அதிக ஹெட்டுக்கென்று செய்த பம்பைக் குறைந்த ஹெட்டில் ஓட்டினால் நீர் வரம்பு மீறி ஓடும், மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும். குளோரின் கலந்த நீர் வார்ப்பிரும்பை அரிக்கும். குளப் பம்பில் இருக்கும் முடி, இலை பிடிக்கும் கூடையும் அதில் கிடையாது. அமெரிக்கப் பட்டியல்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. அதே பம்பு நமது 50 ஹெர்ட்ஸில் ஓடினால் நீர் ஆறில் ஐந்து பங்காகவும், ஹெட் ஏறத்தாழ 70 சதவீதமாகவும் குறையும்.

வேகத்தை மாற்றக்கூடிய பம்புகளுக்கு விலை அதிகம். ஆனால் பாதி வேகத்தில் மின்தேவை எட்டில் ஒரு பங்காகக் குறைவதால், இருமடங்கு நேரம் ஓட்டினாலும் செலவு கால்வாசிதான். பேக்வாஷுக்கு மட்டும் முழு வேகம் வேண்டும்.

பள்ளி, கிளப் குளங்களில் கூட்டம் அதிகம் என்பதால் 4 மணி நேரம் அல்லது அதற்கும் குறைவான சுழற்சி தேவை. 25 மீட்டருக்கு 12.5 மீட்டர், சராசரி 1.35 மீட்டர் ஆழம் என்றால் மணிக்கு சுமார் 105 கன மீட்டர் ஓட வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு ஃபில்டர்களைப் பக்கம்பக்கமாக இணைப்பார்கள். மாற்றுப் பம்பு ஒன்றும் தயாராக இருக்கும்.

கொங்கு நாட்டின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கரைந்திருக்கும் உப்பை மணல் ஃபில்டர் பிடிக்காது. நாளடைவில் சுண்ணாம்பு படிந்து மணல் கட்டியாகி, நீர் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடும். புது மணலில் பிரஷர் கேஜ் காட்டும் அளவைக் குறித்துவைத்துக்கொண்டு, அதைவிட 0.5 பார் ஏறும்போது பேக்வாஷ் செய்தால் போதும். ஐந்து நிமிட பேக்வாஷில் நமது குளத்திலிருந்து 1,000 லிட்டர் வெளியேறும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறவருக்கு அது சிறிய கணக்கல்ல. ஃபில்டர், பேக்வாஷ் நிலைகளை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை மோட்டாரை நிறுத்திவிட்டே திருப்ப வேண்டும். ஓட ஓடத் திருப்பினால் உள்ளிருக்கும் கேஸ்கெட் பிய்ந்து, ஃபில்டர் நிலையில் வைத்தாலும் பேக்வாஷ் பைப்பில் நீர் கசிந்துகொண்டே இருக்கும்.